பெரிதாக்கினாலும் கலையாத முகம்

முதல் கேமரா எது வாங்கலாம் என்று இப்போது ஆளாளுக்கு என்னிடம் கேட்கிறார்கள். விருதுநகரில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று படம் எடுத்துப் பிழைக்கிறவளிடம் வேறு எதைக் கேட்பார்கள்? கையில் எவ்வளவு இருக்கிறது, எதைப் படம் பிடிக்க ஆசை என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்லிவிடுவேன். மயில் என்பார்கள், மழை என்பார்கள், பிறந்த குழந்தை என்பார்கள். பன்னிரண்டு வயதில் நான் கேமரா வாங்கப் போனபோது அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடமும் ஒரு பதில் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்று பயந்து, கடைக்குப் போகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஆமத்தூருக்குப் பக்கம். அம்மா பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் ஷெட்டில் வேலை பார்த்தாள். அப்பா கேரளாவில் பரோட்டா மாஸ்டர். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வருவார். காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தால் தெருவில் பாதிப் பெண்கள் தூக்குவாளியோடு ஏறிப் போய்விடுவார்கள். பகலில் எங்காவது டொம் என்று ஒரு சத்தம் கேட்டால் வகுப்பே எழுந்து ஜன்னலுக்கு ஓடும். புகை எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்ப்போம். சார் அதட்டமாட்டார், அவரும் எங்களுக்குப் பின்னால் வந்து நின்று பார்ப்பார். புகை நம் அம்மா இருக்கும் பக்கம் இல்லையென்றால் ஒரு நிம்மதி வரும். பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகத்தை அப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் எழுந்த புகை, எங்கள் பக்கத்து வீட்டு அத்தை வேலை பார்த்த பக்கம். அத்தை திரும்பி வரவில்லை. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுவதற்கு அவளுடைய படம் ஒன்றைத் தேடினார்கள். கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றிருந்தது. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த படத்தை என் தாய்மாமாதான் தன் செல்போனில் பிடித்துப் பெரிதாக்கக் கொடுத்தார். அந்த அட்டையில் யார் முகம்தான் அவரவர் முகமாக இருந்திருக்கிறது? அதையும் ஆறடிக்கு இழுத்ததில், கண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகக் கறுப்புத்தான் வந்தது. சிவகாசியில் லட்சுமியையும் முருகனையும் மூக்குத்திக் கல் மின்ன லட்சக்கணக்கில் அச்சடித்துத் தள்ளுகிறார்கள். பக்கத்தில் இருந்த எங்கள் அத்தைக்கு ஒரு முகம் கிடைக்கவில்லை. அவளுடைய கடைக்குட்டிக்கு அப்போது நாலு வயது. பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது யாரு?” என்று என்னிடம் கேட்டான்.

அன்றைக்குப் பிடித்த பயம். வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியைக் கவிழ்த்து அம்மாவின் படம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது ஒரே ஒரு கல்யாணப் படம். அதில் அம்மா குனிந்திருந்தாள். மாலை தாடை வரை ஏறியிருந்தது. மிச்சம் அவளுடைய வாக்காளர் அட்டை. அதை எடுத்துப் பார்க்காமலே பெட்டியை மூடிவிட்டேன். மாமாவின் செல்போனை நம்பிப் பிரயோஜனமில்லை என்பதைப் பேனரிலேயே பார்த்தாயிற்று. எனக்கு ஒரு கேமரா வேண்டும் என்று மறுநாள் கேட்டேன். எதற்கு என்றாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் போட்டி வைக்கிறார்கள் என்றேன். என் வாயில் வந்த முதல் பெரிய பொய் அது, தடங்கலே இல்லாமல் வந்தது.

தீபாவளிப் போனஸில் இரண்டாயிரம் ரூபாய் ஒதுக்குவதாக அம்மா சொன்னாள், ஒரு நிபந்தனையோடு. வெட்டி வெட்டி வெளிச்சம் அடிக்கிற கேமரா வீட்டுக்குள் வரக்கூடாது. கம்பெனி வாசலிலேயே தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். அங்கே போய்வருகிறவளுக்குப் பளிச்சென்று எது மின்னினாலும் உடம்பு தூக்கிப் போடும். கல்யாண வீட்டில் போட்டோக்காரர் மேடையேறினால் அம்மா பந்திக்குப் போய்விடுவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எங்கள் ஊரில் வெளிச்சமும் பேய்தான்.

எனக்கோ அதைவிடப் பெரிய பயம். பாக்கிங் வேலைதான் என்றாலும் சாயங்காலம் அம்மாவின் கழுத்து மடிப்பில் வெள்ளிப் பொடி மினுங்கும். அவள் குளித்துவிட்டு வரும்வரை அடுப்பையோ விளக்கையோ பற்றவைக்க மாட்டோம். அப்படியிருக்க, அந்தப் பொடியின்மேல் கேமரா வெளிச்சம் பட்டால் என்ன ஆகும்? அம்மாவைக் காப்பாற்றி வைக்க வாங்குகிற பொருளே அவளைப் பற்றவைத்துவிட்டால்? இதை யோசித்து யோசித்து ராத்திரி சோறு இறங்கவில்லை.

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருந்த நாட்களில் மாமா என்னை விருதுநகருக்குக் கூட்டிப்போனார். அம்மாவின் தம்பி அவர். சிவகாசியில் காலண்டர் லோடு ஏற்றுகிற வேலை. படம் அச்சாகி வருகிற இடத்தில் நிற்பதால் படத்தைப் பற்றி எல்லாமே தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பஜார் பக்கம் ஒரு சந்தில், கேமரா ரிப்பேரும் பழைய கேமரா விற்பனையும் செய்கிற பாய் ஒருவர் கடைக்குள் போனோம். மாமா முதல் கேமராவைக் கையில் எடுத்து, தேங்காய் வாங்குகிற மாதிரி காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். பாய் அதை மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தார்.

எங்கள் கைக்கு அடங்குகிற விலையில் ஒன்று இருந்தது. சிவப்பு நிறம், புதுசு, பெட்டியோடு. மேலே பதினாறு மெகாபிக்சல் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் ஓரம் தேய்ந்த கறுப்புக் கேமரா ஒன்று. அதில் பன்னிரண்டுதான் போட்டிருந்தது, விலையோ மூவாயிரத்து ஐந்நூறு. நம்பர் குறைந்ததற்கு யாராவது கூடக் கொடுப்பார்களா என்று மாமா சிவப்பை எடுத்துக்கொண்டார். பாய் சிரித்தார். ஒட்டியிருக்கிற நம்பர் படம் எடுக்காது, கண்ணாடியும் உள்ளே வெளிச்சம் வாங்குகிற சில்லும்தான் எடுக்கும், இந்தச் சிவப்பில் இரண்டுமே பொடிசு என்றார். சும்மா பொழுதுபோக்குக்கு எடுத்துப் பழகுவதற்கு அது போதும் என்றும் சொன்னார்.

எனக்கு இரண்டே கேள்விகள்தான். முதலாவது, வெளிச்சத்தை அணைக்க முடியுமா. மின்னல் படம் போட்ட பொத்தானைக் காட்டி, அதை அமுக்கினால் அணைந்துவிடும் என்றார். ஆனால் பேட்டரி கழற்றி மாட்டினால் சில சமயம் தானாகவே திரும்ப வந்துவிடும், பார்த்துக்கொள் என்றார். இரண்டாவது கேள்வியைக் கடைசி வரை தள்ளிப் போட்டேன். மாமா பணத்தை எடுக்கப் பைக்குள் கைவிடுவதைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

“பேனர் அளவுக்குப் பெருசு பண்ணினா முகம் தெரியுமா?”

“யார் முகம் பாப்பா?”

“எங்கம்மா முகம்.”

மாமா என் பக்கம் திரும்பினார். ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். அத்தையின் பேனருக்கு ஏணியில் ஏறிக் கயிறு கட்டியவர் அவர்தான். பைக்குள் போன கை அப்படியே நின்றது.

பாய்க்கு விஷயம் தெரியாது. ஆனாலும் இரண்டு கேமராவிலும் மாமாவை ஒவ்வொரு படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கிக் காட்டினார். சிவப்பில் மாமாவின் மீசை கரி பூசின மாதிரி இழுகிவிட்டது. கறுப்பில் மீசையை ஒவ்வொரு முடியாக எண்ணலாம். வேறு நாளாக இருந்தால் மாமா அதை வைத்து ஒரு மணி நேரம் பேசியிருப்பார். அன்றைக்கு, “இதை ஒரு வாரம் யாருக்கும் குடுக்காம வச்சிருங்க பாய்” என்று மட்டும் சொல்லி, கையிலிருந்த இரண்டாயிரத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, கடையில் கேட்டதை ஒங்கம்மாகிட்டச் சொல்லாதே என்றார்.

ஆனால் அவரே சொல்லிவிட்டார். துவைகல் பக்கம் நின்று அவர் பேசுவதையும், அம்மா ஈரச் சேலையைப் பிழிவதை நிறுத்திவிட்டு நான் இருந்த பக்கம் பார்ப்பதையும் அடுப்படியிலிருந்து பார்த்தேன். பொய் வெளிப்பட்டுவிட்டது, இன்றைக்கு முதுகுத்தோல் உரியும் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அம்மா உள்ளே வந்தாள். என்னைத் தாண்டிப் போய் உலையில் அரிசியைப் போட்டாள். அடி விழுந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. இரண்டு நாள் கழித்து, கம்பெனி எப்போது திறக்கிறார்கள் என்று கேட்டுவருகிறேன் என்று கிளம்பினாள். திரும்பி வந்து மிச்சப் பணத்தை மாமாவிடம் கொடுத்தாள். எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மாக்களின் அரிசிப் பானைக்குள் எப்போதும் கொஞ்சம் பணம் இருக்கும் என்று நம்பிய வயது.

கேமரா வந்தது. அதைத் தொடவே எனக்கு ஒரு நாள் பிடித்தது. வெளிச்சம் தானாகவே திரும்ப வந்துவிடும் என்று பாய் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, அவள் வேலைக்கென்றே ஒதுக்கியிருந்த பருத்திச் சேலையை எடுத்தேன். எத்தனை துவைத்தாலும் அதன் மடிப்பில் வெள்ளிப் பொடி இருக்கும். அதை முருங்கைமரக் கிளையில் தொங்கவிட்டேன். ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். இமைக்கு மேலேயே வெளிச்சம் அடித்தது. கீழே விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. எட்டிப் பார்த்தேன், சேலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி அடித்தேன். ஏழெட்டுத் தடவை அடித்தேன். அப்புறம் ஏனோ அழுகை வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வாளித் தண்ணீரைச் சேலைமேல் ஊற்றிவிட்டேன். இது ஏன் நனைந்திருக்கிறது என்று அம்மா கேட்டதற்குக் காக்கா எச்சம் என்றேன்.

இருந்தும் அம்மாவிடம் போய், உன்னை ஒரு படம் எடுக்கிறேன் என்று கேட்க வாய் வரவில்லை. ஆட்டை எடுத்தேன், வாசல் கோலத்தை எடுத்தேன், மாமாவை எடுத்தேன். ஒரு வாரம் போனது. கம்பெனி பூஜை போட்டுத் திறக்கிற நாளும் வந்தது. அன்று காலையில் அம்மாவே வந்து, “கேமராவை எடுத்துட்டு வாத்தா, என்னைய ஒண்ணு எடு” என்றாள்.

கல்யாணத்துக்கு உடுத்துகிற மாம்பழ நிறச் சேலையைக் கட்டியிருந்தாள். வெள்ளையடித்த சுவர் பக்கம் போய் நேராக நின்றாள். நான் மின்னல் பொத்தானை மூன்று தடவை சரிபார்த்தேன். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோன பிறகுதான் கவனித்தேன், அம்மாவின் காதில் தோடு இல்லை. கையில் வளையல் இல்லை. கொண்டையில் ஊசி இல்லாமல் துணி நாடாவால் கட்டியிருந்தாள். எனக்கு எரிச்சலாகிவிட்டது. இவ்வளவு பாடுபட்டு வாங்கின கேமராவில், காலத்துக்கும் இருக்கப் போகிற படத்தில், மூளிக் காதோடு நிற்பார்களா? போய்த் தோட்டைப் போட்டுக்கொண்டு வா என்று சத்தம் போட்டேன். நேரமாகிவிட்டது, வேன் வந்துவிடும், இப்படியே எடு என்றாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே எடுத்தேன். அவள் சிரித்தாள். பல் தெரிய, கேமராவை நேராகப் பார்த்து.

“பெருசு பண்ணினா நல்லா இருக்குமாத்தா?”

“எம்புட்டுப் பெருசு பண்ணினாலும் கலையாதும்மா.”

அவள் உள்ளே போய் அந்தச் சேலையை மடித்து வைத்துவிட்டு, பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு வேனில் ஏறினாள். நான் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் மட்டும் திரை முழுக்க வந்தது. இமை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. இனி என்ன நடந்தாலும் அம்மாவைப் பார்த்து யாரும் இது யார் என்று கேட்க முடியாது. கேமரா வெளிச்சத்துக்கு நடுங்குகிறவளே துணிந்து வந்து நின்றுவிட்டாள், என் பயமும் சேர்ந்து போய்விட்டது என்று நினைத்தேன்.

மூன்று வருஷம் கழித்துச் சாத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டு மாமா சொன்னார். “அந்தக் கேமராவுக்குத்தான ஒங்கம்மா மருந்து ரூமுக்கு மாறுனா. கையில முன்பணம் அங்க போறவுகளுக்குத்தான குடுப்பாக.” மருந்து ரூம் என்றால் வெடிமருந்தைக் கலந்து குழாயில் செலுத்துகிற அறை. வெடித்தால் மற்ற கட்டடங்களைத் தொடக்கூடாது என்று தனியாக, தள்ளி இருக்கும். நாலு பேருக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். தோடு, வளையல், கொண்டை ஊசி என்று ஒரு குந்துமணி உலோகம் உடம்பில் இருக்கக்கூடாது. அந்தக் காலையில் அவள் முதல் நாளாக அங்கேதான் கிளம்பியிருக்கிறாள்.

அம்மாவிடம் கேட்டேன். பாக்கிங்கும் அதே காம்பவுண்டுதானே என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். இப்போது அவள் வேலைக்குப் போவதில்லை, நன்றாக இருக்கிறாள். ஒரு சீசன் முழுக்க, அடுத்த தீபாவளி வரைக்கும், அவள் அந்த அறைக்குள்தான் இருந்தாள். என் சின்ன வயதில் நான் பயமே இல்லாமல் தூங்கியது அந்த ஒரு வருஷம்தான்.