இடப்பக்கத்து விளக்குகள்

சுனாமிக்கு அடுத்து வந்த கோடையில் நான் மரக்காணம் உப்பளத்தில் ஆராய்ச்சி மாணவியாகத் திரிந்துகொண்டிருந்தேன். உடம்பு களைக்கும்போது மூளை எப்படி வேலை செய்கிறது, கவனம் எப்போது தளர ஆரம்பிக்கிறது என்பதுதான் என் முனைவர் பட்டத்துக்கான பொருள். அதற்கு முன் பல்கலைக்கழகத்திலேயே மாணவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருந்து, காலையில் ஏசி அறையில் உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்திருந்தோம். என் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. நிஜமாகவே உழைத்துக் களைக்கிறவர்களிடம் போய்ப் பார் என்று அனுப்பிவிட்டார். எங்கள் வீடு பொம்மையார்பாளையத்தில். சென்னைக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அந்த உப்புக் குவியல்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அங்கே இறங்கி நடந்தது அந்த வருஷம்தான்.

சோதனை ரொம்பச் சுலபம். ஒரு நீளப் பலகையில் வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. பொட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த விளக்கு எரிந்தாலும் உடனே கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். எவ்வளவு வேகமாக அமுக்கினார்கள், எத்தனை முறை தவறவிட்டார்கள் என்பதைப் பெட்டி கணக்கு வைத்துக்கொள்ளும். எந்த விளக்கைத் தவறவிட்டார்கள் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. வெளியே உப்பு அடிக்கிற வெளிச்சத்தில் விளக்கு எரிவதே தெரியாது என்பதால், கோணி அடுக்கி வைத்திருந்த ஒரு கொட்டகைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு நடத்தினேன். விடியற்காலையில் வேலைக்கு இறங்குமுன் ஒரு முறை. வெயில் ஏறி, வேலை முடிந்து கைகால் கழுவியதும் இன்னொரு முறை.

பெண்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். உப்பைக் கூடையில் வாரித் தலையில் சுமந்து, வரப்பு வழியே வரிசையாக நடந்து, மேட்டில் கொட்டிவிட்டு வருகிற வேலை அவர்களுடையது. அத்தனை நேரம் சுமந்துவிட்டு வந்தவர்கள், பலகை முன் உட்கார்ந்ததும் நிமிர்ந்துகொள்வார்கள். பக்கத்துப் பெண்ணைவிடத் தான் வேகமா என்று தெரிந்தாக வேண்டும் அவர்களுக்கு. களைப்பை அளக்க வந்த எனக்கு முதல் சில வாரங்கள் களைப்பே அகப்படவில்லை. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான், வேலைக்குப் பிந்தைய கை மெல்லத் தாமதிப்பது தெரிந்தது.

அவர்களில் ஒரு அக்கா. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அனுமந்தையில் வீடு. கணவர் அதே உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரின் தங்கையும் அதே வரிசையில் கூடை தூக்கினாள். ஒரு காலத்தில் வரிசையில் முதல் ஆளாக நடந்தது அண்ணிதான் என்று அந்தத் தங்கை என்னிடம் சொன்னாள். நான் போன சமயம் அக்கா கடைசி ஆளாக நடந்துகொண்டிருந்தார்.

சோதனையிலும் அவர்தான் கடைசி. ஆரம்பத்திலேயே சில விளக்குகளைத் தவறவிட்டார். வாரங்கள் போகப்போக அது கூடிக்கொண்டே வந்தது. என்னக்கா, உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"அசதிதான் பாப்பா. உப்பள வேலை செஞ்சிட்டு அசதி இல்லாம இருக்குமா?"

வீட்டிலும் அதே பேச்சுதான் என்பதை நாத்தனார் சொல்லித் தெரிந்துகொண்டேன். அடுப்பில் சோறு தீயும், அக்கா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். சாயங்காலமே படுத்துவிடுவாராம். கூப்பிட்டால் சில சமயம் பதில் வராதாம். மருமகளுக்கு உடம்பு வளையவில்லை, சோம்பேறியாகிவிட்டாள் என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் சண்டை போடுகிற ஆளில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். கண்தான் கோளாறு என்று நினைத்து ஒரு முகாமுக்குப் போய்க் காட்டியிருக்கிறார்கள். உப்பு வெளிச்சத்துக்கு என்று கறுப்புக் கண்ணாடி ஒன்று கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனி மாதம் எதிர்பாராமல் மழை பெய்தது. விளைந்த உப்பு கரைந்து, சில நாள் வேலை நின்றுபோனது. எல்லோருக்கும் கட்டாய ஓய்வு. மறுபடி வேலைக்கு வந்த அன்று விடியற்காலையில் சோதித்தபோது பெண்கள் எல்லோருடைய வேகமும் கூடியிருந்தது. அந்த அக்காவுக்கு மட்டும் எந்த மாற்றமும் இல்லை. இன்னும் மோசம் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. களைப்பு என்றால் ஓய்வில் குறைய வேண்டும். காலைக்கும் மதியத்துக்கும் வித்தியாசம் காட்ட வேண்டும். இவரிடம் இரண்டு நேரமும் ஒரே மாதிரி.

பேராசிரியரிடம் சொன்னேன். ஒருவர் மட்டும் கூட்டத்தோடு ஒட்டாமல் நின்றால் அவரைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம் என்றார். ஆராய்ச்சியில் அது வழக்கம்தான். நானும் சரி என்றுதான் வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், வேலை முடிந்து அவர் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தார். மற்றவர்களுக்குச் சோதனை நடக்கும்போது இவரை மட்டும் ஒதுக்கினால் வருத்தப்படுவாரே என்று இவரையும் கூப்பிட்டிருந்தேன். ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி, அவருடைய இடப்பக்கமாக நின்று டம்ளரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சூடு போதவில்லையோ என்று நினைத்தேன்.

"டீ ஊத்தறேன்னியே பாப்பா, எங்க?" என்றார், முன்னால் பார்த்தபடி.

டம்ளர் அவர் தோளுக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதை மெதுவாக முன்பக்கம் கொண்டுவந்தேன். மூக்குக்கு நேராக வந்ததும் கை நீட்டி வாங்கிக்கொண்டார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு எதிரே உட்கார்ந்து, என் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் விரித்து விரலை ஆட்டினேன். அவருடைய வலப்பக்கம் ஆட்டியது தெரிந்தது. இடப்பக்கம் ஆட்டியது தெரியவில்லை. ஒரு கண்ணை மூடச் சொல்லிப் பார்த்தேன். மற்றதை மூடச் சொல்லியும் பார்த்தேன். எந்தக் கண்ணால் பார்த்தாலும் இடப்பக்கம் அவருக்கு இல்லவே இல்லை.

இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் மறைந்தால் கோளாறு கண்ணில் இல்லை, அதற்குப் பின்னால் மூளையில் என்று முதல் வருஷப் பாடத்திலேயே படித்திருக்கிறேன். பரீட்சைக்குப் படம்கூட வரைந்திருக்கிறேன். அந்தப் படம் ஒரு ஆளாக என் முன்னால் உட்கார்ந்து, டீ நல்லா இருக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பஸ் நிறுத்தத்துப் பக்கம் இருந்த டெலிபோன் பூத்திலிருந்து பேராசிரியரைக் கூப்பிட்டேன். நடந்ததை முழுக்கச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சோதனை கீதனை எல்லாம் நிறுத்தும்மா. நாளைக்கே பாண்டிக்குக் கூட்டிட்டு வா. நான் டாக்டர்கிட்ட பேசி வைக்கறேன்" என்றார்.

சொல்வதற்குச் சுலபம். அன்று மாலை அனுமந்தைக்குப் போனேன். கணவர் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். கண்ணுக்குத்தான் கண்ணாடி கொடுத்துவிட்டார்களே என்றார். மூளை என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. உள்ளேயிருந்து மாமியார், படித்த பிள்ளைகள் வந்து வீட்டில் இல்லாத வியாதியை எல்லாம் சொல்லும் என்றார். என் கையில் இருந்த ஆதாரம் அந்த ஒரு டம்ளர் டீ மட்டும்தான். டாக்டர் சொன்னது எதுவும் இல்லை.

பேசியது நாத்தனார்தான். அண்ணி வரப்பில் எப்போதும் வலப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கி நடப்பதையும், போன வாரம் இடதுகால் பாத்திக்குள் இறங்கி, கூடையோடு விழுந்ததையும் அண்ணனிடம் சொன்னாள். விழுந்ததை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அண்ணி கேட்டுக்கொண்டாராம். அதற்கும் சோம்பேறிப் பட்டம் கட்டுவார்கள் என்று பயமாம்.

கணவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "விழுந்தியா?" என்று மட்டும் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் நாங்கள் நாலு பேரும் கிளம்பினோம்.

பாண்டியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மூளையின் வலப்பக்கம், பின்னால், வெள்ளையாக ஒரு உருண்டை. பல வருஷமாக மெல்ல மெல்ல வளர்ந்திருக்க வேண்டும், பார்த்தால் புற்றாகத் தெரியவில்லை, எடுத்துவிடலாம் என்றார். இடப்பக்கம் தெரியாமல் போனதும், தூக்கமாக வந்ததும், எதையும் செய்யத் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டதும் அது அழுத்தியதால்தான் என்று நிதானமாக விளக்கினார். கணவர், உயிருக்கு ஒன்றும் ஆகாதே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அக்கா அதைக் கேட்கவில்லை. டாக்டர் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, வேறொன்றைக் கேட்டார்.

"அப்ப நான் சோம்பேறி ஆயிடலீங்களா டாக்டர்?"

"இல்லம்மா. இதை வச்சிக்கிட்டு நீங்க எப்படிக் கூடை தூக்கினீங்கன்னுதான் எனக்குப் புரியல."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தலைக்குள் கட்டி என்று கேட்டபோது வராத அழுகை அது. நாத்தனாரும் அழுதாள். கணவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் திரும்பி வந்தபோது, மனைவியின் செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தார். அவர் செய்தது அவ்வளவுதான். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அறுவை சிகிச்சை பகல் முழுக்க நடந்தது. மாமியாரும் வந்திருந்தார். வராந்தாவில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். சில நாள் கழித்து நான் வார்டுக்குப் போனபோது, மொட்டைத் தலையில் கட்டோடு அக்கா படுத்திருக்க, மாமியார் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லுக்கெல்லாம் அவர் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அக்கா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

தூக்கம் விட்டது, பேச்சு திரும்பியது, சிரிப்புகூட வந்தது. பார்வை முழுவதும் வரவில்லை. இடப்பக்கத்தில் கொஞ்சம் வந்தது, மீதி போனது போனதுதான். தலையில் சுமையோடு ஒற்றையடி வரப்பில் நடக்க முடியாது. அடுத்த வருஷம், உப்பைப் பாக்கெட்டில் அடைக்கிற கொட்டகையில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது. கணவர்தான் முதலாளியிடம் போய்க் கேட்டிருக்கிறார். யாரிடமும் எதையும் கேட்கிற ஆளில்லை அவர்.

ஆய்வேட்டில் அந்த அக்காவைச் சேர்க்கவில்லை. சேர்க்க முடியாது, அவருடையது களைப்பே இல்லை. ஆனால் மற்றவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவர்தான் நினைவில் வந்தார். அசதி என்று ஒருவர் சொன்னதும் நாம் விசாரணையை முடித்துக்கொள்கிறோம். வேலை கடுமையாக இருக்கிற இடத்தில் அந்தச் சொல் எல்லாவற்றுக்கும் பொருந்திவிடுகிறது. வியாதி, துக்கம், பட்டினி எல்லாம் அதற்குள் மறைந்துகொள்ளும். சொல்கிறவருக்கே வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

இரண்டாம் வருஷம் நான் பலகையோடு போனபோது பெண்கள் போட்டி போடவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து, எனக்கும் அசதியாக இருக்குது, பாரு பாப்பா என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, எல்லோரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். இத்தனை பேரை ஒரே நேரத்தில் ஏன் அனுப்புகிறாய் என்று அங்கிருந்த நர்ஸ் என்னைத் திட்டினார். திட்டிவிட்டு எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பலருக்கு ரத்தம் குறைவாக இருந்தது, மாத்திரை கொடுத்தார். ஒருத்திக்குச் சர்க்கரை இருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. வேலை செய்து களைத்திருந்தார்கள், அவ்வளவுதான். போய் ஓய்வெடுங்கள் என்று நர்ஸ் சொன்னபோது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மறுநாள் விடியற்காலையில் எல்லோரும் கூடையோடு வந்திருந்தார்கள்.