தார்ப்பாய் கட்டிய பரிசல்

மோகனூர்க் காவிரிக்கரையில் அந்த லாரி டிரைவரை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். அண்டா மாதிரி வயிறு, காதில் செருகிய பீடி. எந்த வண்டியைக் கிளப்பினாலும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது அவர் பழக்கம். பரிசலுக்கும் வைத்தார். வட்டப் பரிசலுக்குச் சக்கரம் ஏது? சுற்றிலும் ஆறு பழம்!

சின்ன வயதில் அவருடைய அப்பா பரிசலில் வேட்டியைக் காற்றுக்குப் பாய்மரம்போலக் கட்டி, குடும்பத்தையே அக்கரைக்குக் கொண்டுபோவாராம். அந்த ஆசையில் இவரும் ஒரு பரிசல் வாங்கி, லாரித் தார்ப்பாயைக் கட்டியிருந்தார்.

"இன்னைக்கு அக்கரை போவலீன்னா இதை வித்துப்போடோணும்" என்றபடி அவர் மனைவி ஏறினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

காற்று வந்தது. நடு ஆற்றில் பரிசல் பம்பரமாகச் சுற்றியது.

"ஏனுங்க, உங்கப்பாரும் இப்படித்தான் மாவாட்டுனாருங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப எங்கம்மா பின்னாடி உக்காந்து துடுப்புப் போடும் புள்ள."

"அதானே பார்த்தேன். கொண்டாங்க இப்படி!"

அந்த அம்மாள் துடுப்பைப் போட்டதும் பரிசல் நேராகப் போனது. அக்கரையில் இறங்கியதும் அவர் மெல்லக் கேட்டார்: "வித்துப்போடலாமா புள்ள?"

"விக்கறதாவது! நாளைக்கு எங்க அக்காவையும் கூட்டிட்டு வாரேன். ஓவர்லோடு ஆயிரும், நீங்க கரையிலயே நில்லுங்க."

அப்போது அந்த மனுஷன் முகத்தில் தெரிந்தது சந்தோஷமா துக்கமா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.