அப்பாவுக்கு இல்லாத ஊனம்

சம்பளத்தில் பிடித்த வருமான வரியை முழுசாகத் திரும்ப வாங்கித் தருவதாகச் சொன்ன அவனியாபுரம் ஏஜென்டிடம் என் வருமான வரி இணையதளப் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். என்ன அவசரமோ எனக்கு! அடுத்து, கணக்கைத் தாக்கல் செய்ய என் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டார். கணக்கைக் காட்டினால்தான் தருவேன் என்று நேரில் போய் நின்றேன். என் அப்பா கடுமையான உடல் ஊனத்துடன் என் பராமரிப்பில் இருப்பதாகப் போட்டு, வரியைக் குறைத்திருந்தார்.

“அண்ணே, எங்கப்பா ஜல்லிக்கட்டு மாட்டை ஒத்தையா புடிச்சுக் குளிப்பாட்டுற மனுசன்!”

“அட மாப்ள, ஆபீசரு வந்து பாக்கவா போறாரு? அம்புட்டுப் பேருக்கும் இப்படித்தான் போடுறேன். ஓடிபியச் சொல்லு.”

மாட்டினால் அபராதம் எனக்கு, கமிஷன் அவருக்கு! ஓடிபி தராமல் வெளியே வந்து, முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினேன்.

இப்போது வரிக் கணக்கை நானே தாக்கல் செய்கிறேன். ரசீது இல்லாத எந்தச் செலவையும் அதில் காட்டுவதில்லை. இந்த முறை திரும்ப வந்தது கொஞ்சம்தான்; அதை அப்பாவின் முகம் பார்த்துச் சொல்ல முடிந்தது.