அண்ணனைப் பார்க்கக் கூடாத ராஜா

எழுபதுகளில், இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் போட்ட இசை நாடகத்தில் நான்தான் ராஜா. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், நாலு பேர் முன் வாய் திறக்கக் கூசுகிறவன். குரல் இருந்ததால் பிடித்துப் போட்டார்கள். என் சொந்த அண்ணன் நாடகத்திலும் அண்ணன். நாட்டைப் பிடித்துக்கொண்ட தம்பி, அண்ணனைக் கொல்லச் சொல்லிப் பாடுவான். அதோடு கதை முடியும்.

நாங்கள் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி அவர் இந்தியாவுக்கே போய்விட எழுதிக் கொடுத்தார். நான் இலங்கைப் பிரஜையாக இங்கேயே இருக்க மனுப் போட்டேன். "எங்கூட வராதவன் எந் தம்பியே இல்ல" என்று சொல்லிவிட்டார். ஒரே லயத்து வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பரா அறைகள். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். பேசாமலே போய்விடுவாரோ என்று எனக்கு நிலைகொள்ளவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் ஒத்திகை நடக்கும்போதும் அதே நினைப்புத்தான்.

நாடக வாத்தியார் பக்கத்துப் பசறை டவுனில் முடி வெட்டுகிறவர். இரண்டு தேயிலைப் பெட்டிகளை அடுக்கி, மேலே என்னை உட்கார வைத்தார். அண்ணனைக் கீழே, எனக்கு முதுகு காட்டி நிறுத்தினார்.

"அவரு மொகத்த நீ பாக்கவே கூடாது. பாத்தா சனம் ஒன்னய மன்னிச்சிரும்."

"இதுக்கு ஒத்திகை எதுக்கு வாத்தியாரே?" என்றார் மிருதங்கக்காரர். "எட்டு மாசமா இப்படித்தான நிக்கிறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நாடகம். காவலர் வேடம் போட்டவர்கள் பதற்றத்தில் பக்கம் மாறி, கைகள் கட்டப்பட்ட அண்ணனை எனக்கு நேர் எதிரே கொண்டுவந்துவிட்டார்கள். நான் எழுந்துவிட்டேன். பெரியவர்களையும் தோட்டத்து துரையையும் கண்டால் தலைத்துண்டை எடுத்துப் பழகிய கை, கிரீடத்தையும் கழற்றிவிட்டது.

"டேய், ராஜா தொரயப் பாத்துட்டாருடா!" என்று யாரோ கத்த, கூட்டம் ஓவென்று சிரித்தது. ஆர்மோனியம் ஒரே அடியை மூன்று தரம் சுற்றியது. நான் பாட்டை எடுக்காமல் கிரீடத்தோடு நின்றேன்.

அண்ணன் பெட்டிக்குக் கிட்டே வந்தார். "உக்காருடா" என்றார் மெதுவாக. "அதத் தலையில வச்சுக்கிட்டுப் பாடு. சனம் காத்துக்கிட்டு இருக்கு."

உட்கார்ந்தேன். அவர் முதுகைத் திருப்பவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபடியே அவரைக் கொல்லச் சொல்லிப் பாடினேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒரு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முடிந்ததும் வாத்தியார், "சொன்னது ஒண்ணு, செஞ்சது ஒண்ணு" என்று முணுமுணுத்தார். அதற்கு மேல் திட்டவில்லை.

தேங்காய் எண்ணெய் தொட்டு முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தோம். நானே கேட்டேன்.

"பாஸ்போட்டு வந்துருச்சாண்ணே?"

"வந்துருச்சு. வர்ற வெள்ளிக்கிழம பதுளையில ரயிலேறணும்."

"பெட்டியெல்லாம் கட்டியாச்சா?"

"எங்க? கட்டுறதுக்கு ஒரு நல்ல கயிறு இல்ல."

பாதி முகத்தில் சாயத்தோடு கயிறு தேடிக் கிளம்பினேன்.