குதிரைக்குப் போன கல்யாணத் தலையணை

நீங்கள் பார்த்த குதிரையெல்லாம் படத்தில் பாய்கிற குதிரையாக இருக்கும். எங்கள் வீட்டுக் குதிரை பாயாது, லோடு சுமக்கும். போடியிலிருந்து குரங்கணி வழியாக மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டுக்கு அரிசி, பருப்பு கொண்டுபோகும். இறங்கும்போது ஏலக்காய் மூட்டை கொண்டுவரும். அந்த மலைப்பாதையில் ஜீப்பு ஏறாது. குதிரைதான், இல்லாவிட்டால் நம்ம கால்தான்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அதற்கு வயதாகிவிட்டது. முதுகு, கயிறு தளர்ந்த கட்டில் மாதிரி நடுவில் குழிந்துபோனது. சேணமோ அதன் இளவயதில் செய்தது, இரண்டு பக்கமும் நேரான பலகை. முதுகு வளைந்தால் பலகையும் வளையுமா? முன்னால் தோள்மேட்டிலும் பின்னால் இடுப்பிலும் மட்டும் உட்கார்ந்து அழுத்தியது. இரண்டு இடத்திலும் புண். சேணத்தைக் கையில் எடுத்தாலே குதிரை நகர்ந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்பா வேப்பெண்ணெய் போட்டுப் புண்ணை ஆற்றுவார். ஆறியதும், அந்த இடம் வலிக்கக் கூடாதே என்று அங்கேயே சாக்கை மடித்து வைத்துச் சேணம் கட்டுவார். நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் புண் மறுபடி அங்கேயே வந்தது, முன்னைவிடப் பெரிதாக.

ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டார். “இனி சரிப்படாது. இத வித்துட்டு, போடிமெட்டு ஜீப்புல லோடு ஏத்துற சோலிக்குப் போறேன்.”

அம்மாவுக்குச் சந்தோஷம். “அப்பிடியாச்சும் பொழுதடஞ்சா வீடு வந்து சேருவீக” என்றாள்.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அத்தை, குதிரை கட்டியிருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு எங்கள் குதிரை போகிற அதே எஸ்டேட்டில் வேலை.

மறுநாள் காலை அத்தை வெறும் சேணத்தைக் குதிரை மேல் வைத்தாள். பலகைக்கும் முதுகுக்கும் நடுவே என் கையை விட்டுப் பார்க்கச் சொன்னாள். முழங்கை வரைக்கும் தடையில்லாமல் போனது.

“அண்ணே, இங்கன காத்தோடுது. புண்ணு இருக்கிற எடத்துலயே சாக்க அடச்சா இன்னும்ல அழுத்தும்? பள்ளத்த நெரப்புங்கண்ணே.”

“ஆமா, இவ குதிர வைத்தியம் படிச்சவ” என்றார் அப்பா. ஆனாலும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

புண் காயட்டும் என்று காத்திருந்து, சாக்கில் வைக்கோல் திணித்து இரண்டு மெத்தை தைத்தார்கள். முதுகெலும்பில் படாமல் பக்கத்துக்கு ஒன்று. குதிரை ஒழுங்காகத்தான் ஏறியது. ஆனால் திரும்பி வந்தபோது சாக்கு கிழிந்து தொங்கியது. மலையில் ஊர்க் குதிரைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். பின்னால் வந்த குதிரை வழிநெடுக வைக்கோலை உருவித் தின்றிருக்கிறது.

“முன்னால போறவ முதுகுல சோத்தக் கட்டிவிட்டா, பின்னால வர்றவன் வேடிக்க பாத்துக்கிட்டா வருவான்?” என்று அப்பா கத்தினார். “ஞாயித்துக்கெழம ஆள் வரச் சொல்றேன். வித்துற வேண்டியதுதான்.”

அத்தை பரணில் ஏறினாள். எங்கள் பக்கம் கல்யாணச் சீரில் இலவம்பஞ்சு மெத்தையும் இரண்டு தலையணையும் கட்டாயம் இருக்கும். அம்மா அவற்றைப் பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தாள். அத்தை ஒரு தலையணையோடு இறங்கி வந்து, அரிவாள்மனையில் தையலைப் பிரித்தாள்.

“அடியே! மாப்ள வீட்ல கேட்டா என்னடி சொல்லுவ?”

“ஒத்தத் தலகாணி போதும்னு சொல்லிக்கிறேன் மதினி.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா வெளியே போய்விட்டார். இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தலையணையை எனக்குக் கொடுத்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

பஞ்சை இறுக்கித் திணித்துத் தைத்த மெத்தையை எந்தக் குதிரையும் தின்னவில்லை. முன்பெல்லாம் சேணத்தை இறக்கினால் முன்னும் பின்னும் வியர்வை, நடுவில் காய்ந்திருக்கும். இப்போது முதுகு முழுக்க ஒரே சீராக நனைந்திருந்தது. விற்கிற பேச்சை அப்பா அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அம்மாதான் இரண்டு நாள் முணுமுணுத்தாள்.

கல்யாணம் முடிந்து அத்தை மலைக்குப் போனாள். சிவராத்திரி லீவில் அப்பா என்னையும் கூட்டிப்போனார். அம்மா கொடுத்துவிட்ட முருங்கைக்காயும் கருவாடும் அரிசி மூட்டைக்கு மேல் இருந்தன. எஸ்டேட்டு ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டுக்குக் கீழே வளைவிலேயே அத்தை வந்து நின்றிருந்தாள். என்னைத் தூக்குவாள் என்று ஓடினேன். அவள் நேரே குதிரையிடம் போய், சேணத்துக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். அத்தைக்குக் குதிரை மேல் அவ்வளவு பிரியம் என்று எண்ணிக்கொண்டேன்.

நாங்கள் கிளம்பும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்: “அடுத்த லோடு எப்பண்ணே?”

அப்பா கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் காதில் விழவில்லையாக்கும் என்று நான் முந்திக்கொண்டேன்.

“வெள்ளிக்கெழம அத்தே. பருப்பும் சீமெண்ணெயும் வருது.”