ஆபீசருக்கு இடமில்லை

கடலூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் மீன் குழம்புச் சோறு விற்கிறேன். மிஞ்சும் மீன் ஐஸ் பெட்டியில் கெட்டுப்போய்க் கொட்டும்போதெல்லாம் வயிறு எரியும். வீட்டில் வைக்க ஒரு ஃப்ரீசர் வாங்கலாமென்று, அரசு மானியத்தோடு கிடைக்கும் பேங்க் லோனுக்குப் போட்டிருந்தேன். வியாபாரத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் தருவார்களாம். செவ்வாய்க்கிழமை ஆபீசர் வருகிறார் என்றார்கள்.

என் வீட்டுக்காரருக்கு உதறல். "அந்த நேரம் பாத்து ஈ ஓட்டிக்கினு இருந்தா என்னாடி பண்றது?" என்று சிதம்பரத்துக்குப் போன் போட்டுவிட்டார். அவருடைய தாய்மாமன் தலைமையில் சொந்தபந்தமெல்லாம் பஸ் பிடித்து வந்து இறங்கியது. வாடிக்கைக்காரர்களாக நடிக்க வந்தவர்கள் வறுவலை வெளுத்துக் கட்டினார்கள். நிஜ வாடிக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த நேரத்தில் ஒல்லியாக ஒருவர் ஓரமாக வந்து நின்றார். மாமா வாய் நிறையச் சோற்றோடு அவரிடம் சொன்னார்: "தம்பி, இன்னிக்குச் சோறு கெடைக்காது. பேங்க் ஆபீசர் வராரு. கூட்டம் காட்டணும்னு சிதம்பரத்துலேருந்து சொந்தக்காரங்க நாங்க வந்து குந்திக்கினு இருக்கோம். நீ நாளைக்கு வா."

"சரிங்க, நாளைக்கே வரேன்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பேங்க்லேருந்துதாம்மா வரேன்."

அவர் போனதும் மாமாவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஃப்ரீசர் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் சொன்னபடி வந்தார். வண்டியைச் சுற்றி நிற்க இடமில்லை. முந்தின நாள் சோறு கிடைக்காதவர்கள் எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டிருந்தார்கள். "நேத்து சொந்தக்காரங்களுக்கு மட்டுந்தானாக்கா?" என்று கிண்டல் வேறு.

ஆபீசர் கூட்டத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். "இவுங்களும் சிதம்பரமா?"

"நான் மஞ்சக்குப்பம் சார்" என்றார் ஓர் ஆட்டோக்காரர், தட்டிலிருந்து தலை தூக்காமலே. "தெனமும் இங்கதான். வரிசையில வாங்க."

ஆபீசர் வரிசையில் நின்றார். லைட் கம்பத்தில் சாய்ந்து, நின்றபடியே சாப்பிட்டார். குழம்பு இரண்டாவது முறை கேட்டார். கை கழுவியபடி, "ஃப்ரீசருக்கு எழுதிடறேன். கூடவே ரெண்டு ஸ்டூல் வாங்கிப் போடுங்கம்மா" என்றார். கையில் கரண்டியோடு சிரித்துக்கொண்டே அழுதேன்.

ஃப்ரீசர் வந்து இறங்கிய அன்று மாமா போன் செய்தார். "பாத்தியா, என்னாலதான் லோன் கெடைச்சுது!"

திட்டலாமென்று வாயைத் திறந்தேன். யோசித்துப் பார்த்தால், மனுஷன் சொன்னதில் தப்பே இல்லை.