ஆடு தின்னாத வேலி

பூங்கன்று விற்கிறவள் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிலை யாரும் காதில் வாங்கமாட்டார்கள் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பூக்குமா, காய்க்குமா, தண்ணீர் ஊற்றாவிட்டால் செத்துப்போகுமா என்றெல்லாம் கேட்பார்கள். விஷமா என்று கேட்பவரைத்தான் காணோம். நாமாகச் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டே கன்றைப் பைக்குள் வைப்பார்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியாததா? கண்டியில் அம்பிட்டிய ரோட்டோரத்தில் கடை போட்டிருக்கும் எனக்கு அதை நன்றாகப் புரியவைத்தது காட்டாமணக்கு.

கதியால் கேட்டு வந்தவர்

சிவபாதம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து, பென்ஷன் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டார். மனைவி தவறிய பிறகு தனி ஆள், மகள் கனடாவில். வீட்டைச் சுற்றிய வளவில் போஞ்சி அவரை போட்டிருந்தார். பக்கத்து வீட்டு நஸீர் நானாவின் ஆடுகள் அந்தப் போஞ்சியை விடவில்லை. ஐயா கிளிசிரியா கம்பு நட்டு வேலி போட்டார். ஆடுகள் முதலில் வேலியைத் தின்றுவிட்டு, அதன் பிறகு போஞ்சிக்கு வந்தன. இதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

"ஆடு வாய் வைக்காத கதியாலாத் தாரும் பிள்ளை" என்று என்னிடம் வந்தார். உயிர்வேலிக்கு நடும் கம்பை அவர்கள் ஊரில் கதியால் என்பார்கள். நான் காட்டாமணக்கைக் காட்டினேன். வெட்டி நட்டால் துளிர்த்துவிடும், மேட்டு மண்ணை இறுக்கிப் பிடிக்கும், ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். "ஆனா ஐயா, கொட்டை விஷம். ருசியாத்தான் இருக்கும். தின்னா வாந்தியும் பேதியும் ஆளையே சாய்ச்சிடும்" என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் என்ன ஆடோ பிள்ளை, வேலியைத் தின்ன?"

வெள்ளிக்கிழமைச் சட்டை

வேலி தழைத்தது. ஓர் இடத்தில் மட்டும் அடியில் பாறை, கம்பு பிடிக்கவில்லை. அந்த இடைவெளியை ஆடு கண்டுபிடிக்காமல் விடுமா? ஒரு வெள்ளிக்கிழமை நஸீர் நானா பள்ளிவாசலுக்குத் தொழப் புறப்படும் நேரம் ஆடு போஞ்சிக்குள் நின்றிருக்கிறது. வெள்ளைச் சட்டையோடு அதற்குள் நுழைந்து ஆட்டை இழுத்து வந்திருக்கிறார். ஒடிந்த கிளையின் பால் தோளில் பட்டுவிட்டது. காட்டாமணக்குப் பால் படும்போது தண்ணீர்தான். காய்ந்தால் பழுப்புக் கறை, எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது.

மறுநாள் சட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். வேலி போட்டவரோடு பேச முடியாது, அதனால் வேலி விற்றவளிடம் நியாயம் கேட்க வந்திருக்கிறார் என்று தயாராக நின்றேன். மனிதர் சத்தமே போடவில்லை. கறை போக ஏதாவது வழி இருக்கிறதா என்றுதான் கேட்டார். தேசிக்காய்ச் சாறு, உப்பு என்று எனக்கே நம்பிக்கையில்லாத இரண்டைச் சொன்னேன். பாவமாக இருந்தது. சட்டையை மெதுவாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஆட்டுக்கு மட்டுந்தான் வேலின்டு நெனச்சேன் தங்கச்சி, மனுசனுக்கும் சேத்துத்தான் போட்டிரிக்கிறார் போல."

மாரிமுத்து அண்ணனின் விரல்

இரண்டு வாரம் கழித்து ஐயா போன் எடுத்தார். இடைவெளியை அடைக்கத் தடித்த கம்பாக இரண்டு வேண்டும், வந்து எடுக்கிறேன் என்றார். என்னோடு வேலை செய்யும் மாரிமுத்து அண்ணன் வெட்டப் போனார். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய கைதான், இருந்தும் கத்தி வழுக்கி விரலில் இறங்கிவிட்டது. நான் பிளாஸ்டர் தேடுவதற்குள் ஒரு இலைக்காம்பை ஒடித்துப் பாலை விட்டுக்கொண்டார், இரத்தம் நின்றது.

கன்று பார்க்க வந்திருந்த ஒரு அம்மா அதைக் கண்டுவிட்டு, "இவ்வளவு நல்ல மருந்தா, எனக்கும் ஒன்னு தாங்க" என்று ஆரம்பித்தார். கொட்டையைப் பற்றி நான் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. அவர் கன்றோடு பஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே மாரிமுத்து அண்ணன் சொன்னார்.

"நல்லதை ஒரு தடவ சொன்னா பத்து பேருக்கு சொல்லுவாங்க, கெட்டதை பத்து தடவ சொன்னாலும் மறந்துட்டு போயிடுவாங்க தங்கச்சி."

வயிறு கழுவிய நாள்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஆமணக்கெண்ணெய் கொடுத்து வயிறு கழுவும் வழக்கம் நம் எல்லா வீட்டிலும் இருந்ததுதான். சிவபாதம் ஐயா அதைப் பென்ஷன் எடுத்த பிறகும் விடவில்லை. கடை எண்ணெய் கலப்படம் என்று அவருக்குச் சந்தேகம். வேலியைப் பார்த்திருக்கிறார். ஆமணக்கின் தம்பிதானே இது, எண்ணெய்க்குப் பதில் கொட்டையையே தின்றால் என்ன என்று யோசித்திருக்கிறார். தின்றும்விட்டார். ருசியாக இருந்ததால் கொஞ்சம் கூடவே.

நல்லவேளை, அன்று காலையும் ஆடு இடைவெளியால் போஞ்சிக்குப் போனது. அதைத் துரத்திக்கொண்டு போன நஸீர் நானா, குசினிப் படியில் ஐயா சுருண்டு கிடப்பதைக் கண்டார். வாந்தி, பேதி, பேச்சு வரவில்லை. தூக்கி த்ரீவீலில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். படியில் கிடந்த கொட்டைத் தோலை மறக்காமல் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். அங்கிருந்து எனக்குப் போன். "தங்கச்சி, நீங்க குடுத்த கம்புட பேர செல்லுங்க, டொக்டர் கேக்கிறார்." பேரைச் சொன்னேன். ஐயா பிழைக்க வேண்டுமே என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டே கடையைப் பூட்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சேலைன் ஏறிக்கொண்டிருந்தது, கண் திறந்திருந்தார். கட்டிலருகே நஸீர் நானா ஐயாவின் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு என்று நர்ஸ் கேட்டார்.

"ஒறவு இல்ல மிஸ், அவர்ட போஞ்சிய திண்டது என்ட ஆடு."

இரண்டு கம்பு

தேறிய பிறகு ஐயா கடைக்கு வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நஸீர் நானா பின்னால் குடையோடு வந்தார். வேலியைப் பிடுங்கச் சொல்லத்தான் ஐயா வருகிறார் என்று நினைத்தேன். சொன்னால் நானே ஆள் அனுப்பிப் பிடுங்கியிருப்பேன். கொட்டை காய்க்க விடாமல் கிளையை வெட்டிவிட ஆள் வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அவர் கேட்ட இரண்டு கம்பும் மூலையில் அப்படியே கிடந்தன. கிடந்த இடத்திலேயே துளிர்விட்டிருந்தன. அந்தக் காலைக்கு முன்பே அவர் வந்து எடுத்துப்போயிருந்தால், இடைவெளி அடைபட்டிருக்கும். ஆடும் அன்று உள்ளே போயிருக்காது. "ஐயா, உங்க கம்பு ரெடியா இருக்குங்க" என்றேன். அவர் அவற்றைப் பார்த்தார், பிறகு நஸீர் நானாவைப் பார்த்தார்.

"அதை நீரே வைச்சுக்கொள்ளும் பிள்ளை, அந்த ஓட்டை அப்பிடியே கிடக்கட்டும். ஆடு வந்தாத்தானே ஆளும் வரும்."

இப்போதெல்லாம் காட்டாமணக்கு கேட்டு வருபவரிடம் விஷம் என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு, தனியாக இருக்கிறவரா, பக்கத்து வீட்டில் ஆடு உண்டா என்று விசாரித்து, இரண்டுக்கும் ஆம் என்றால் ஒரு கம்பைக் குறைத்தே கட்டிக் கொடுக்கிறேன்.